வாசல் தாண்டாத படையல்

என்னோடு ஒத்த அகவையினரே, மூட்டுவலிக்கு எண்ணெய் தேய்த்தபடி பழங்கதை பேசும் உரிமை நம்மைப் போன்றோர்க்கு உண்டென்று உலகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. கதை இனிதாக இருக்கவேண்டும் என்பது மட்டுமே அதன் எதிர்பார்ப்பு. நான் எழுதப்போவது இனிப்புகளைப் பற்றி. ஆயினும் இது இனிய கதையன்று. சினம் தணிந்தபின் எழுதலாம் என்று பல்லாண்டுகள் காத்திருந்தேன். தலை முழுதும் நரைத்துவிட்டது, சினம் தணியவில்லை. ஆகவே சினத்தோடே எழுதுகிறேன்.

சென்ற தைத் திங்களில் என் அத்தையின் கொள்ளுப்பேத்திக்கு இராசபாளையத்தில் திருமணம். உணவுக்கூடத்தின் ஒரு மூலையில் இனிப்புகளுக்கென்று தனி மேடை போட்டிருந்தார்கள். பால்கோவாவுக்கு அருகில், மேலே கருகி உள்ளே வெளுத்த ஓர் இனிப்பைத் துண்டு போட்டு அடுக்கியிருந்தார்கள். அட்டையில் ‘ஒடிசா ஸ்பெஷல்’ என்று எழுதியிருந்தது. மணமகளின் தகப்பன், அத்தையின் பேரன், என் கையில் ஒரு தட்டைத் திணித்தான்.

“சாப்பிட்டுப் பாருங்க சித்தி. பாலைத் திரிச்சு, சீனி போட்டு, கருகக் கருகச் சுட்டு எடுக்காங்க. நம்ம மில்லுல வேலை பாக்குற ஒரிசாப் பையன் சொல்லித்தான் ஆளு புடிச்சோம். எம்புட்டு ருசின்னு பாருங்க!”

தட்டை மேடையிலேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன். “வயசாயிட்டுல்லா, இனிப்பு ஆகாது போல” என்று பின்னால் யாரோ சொன்னார்கள். இனிப்பு எனக்கு நன்றாக ஆகும். அந்தக் குடும்பத்தின் கையிலிருந்து அந்த நாட்டு இனிப்பை வாங்கித் தின்பதுதான் ஆகாது. காரணத்தைச் சொல்கிறேன்.

அத்தை என் தந்தையின் மூத்த உடன்பிறப்பு. இளமையிலேயே கணவரை இழந்தவர். ஒரே தெருவாசலுக்குள் வரிசையாக மூன்று வீடுகள் அமைந்த வளவு இராசபாளையத்தில் அவருக்கு உரியதாக இருந்தது. தெருவாசலில் நுழைந்தால் நீண்டதொரு நடை. முதல் வீட்டில் அத்தை, நடு வீட்டில் நாங்கள், கடைசி வீடு குடிக்கூலிக்கு. நடையின் முடிவில் கிணறும் வேப்பமரமும் மாட்டுத் தொழுவமும். அத்தையின் மாடுகள் கறக்கும் பால் திருவில்லிபுத்தூரில் கோவா கிண்டுவோருக்குப் போயிற்று. அதில் அவருக்குத் தனிப் பெருமிதம். “நம்ம பாலு இல்லைன்னா அவிய சட்டி காயணும்” என்பார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது கடைசி வீட்டுக்குக் கலிங்க நாட்டிலிருந்து ஓர் இளம் கணவனும் மனைவியும் குடிவந்தார்கள். நூற்பாலையில் புது எந்திரங்களைப் பொருத்த வந்தவர் அந்தக் கணவர். என் தந்தை உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியர். கலிங்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவருக்குக் கண் மலர்ந்துவிட்டது. மாலைதோறும் அந்தக் கணவரைப் பிடித்து உட்காரவைத்து, அவர் நாட்டு வழக்கங்களை ஆங்கிலத்தில் கேட்டுக் கேட்டு மகிழ்வார். அந்த மனைவியைத் தெருவார் அனைவரும் ‘இந்திக்காரி’ என்றே அழைத்தார்கள். அவருக்கு இந்தி தெரியாது. பேசியது ஒடியா. இதைத் தெருவாருக்குச் சொல்லித் திருத்த என் தந்தை ஒருநாளும் முயன்றதில்லை. மாணவர் ஒற்றெழுத்தை விட்டால் பிரம்பெடுத்தவர் அவர்.

நான் அந்தப் பெண்ணை அக்கா என்றேன். வந்த சில கிழமைகளிலேயே கடைத்தெருவுக்கு அவரோடு துணைக்குப் போகும் வேலை எனக்கு வாய்த்தது. வெல்லக் கடை வைத்திருந்தவர் திருவில்லிபுத்தூரைச் சேர்ந்த முசுலிம் வணிகர்; நாள்தோறும் பேருந்தில் வந்து போவார். அக்கா கையால் காட்டிய அளவைப் பார்த்து அவர் திகைத்துப் போனார்.

“என்ன பாப்பா, வீட்டுல கலியாணமா? ரெண்டு பேருக்கு இம்புட்டு வெல்லமா?”

“பிட்டா” என்றார் அக்கா.

“பிட்டுக்கா? பிட்டுக்கு இம்புட்டு எதுக்கு?”

“புட்டு இல்லை பாய். அவிய ஊர்ல பலகாரத்துக்குப் பேரே பிட்டாதான்” என்று நான் விளக்கினேன். “ஆவியில வேகவைச்சாலும் பிட்டா, எண்ணெயில பொரிச்சாலும் பிட்டா, தணல்ல சுட்டாலும் பிட்டா.”

“அப்ப நம்ம கடை பொழைச்சுது போ” என்று சிரித்து, மேலும் ஓர் அச்சு வெல்லத்தைத் தூக்கிப் போட்டார்.

ஆனி பிறக்கும் முந்தைய நாள் அக்கா தணலில் சுடும் பிட்டாவைச் செய்தார். அரிசியும் உளுந்தும் அரைத்த மாவில் வெல்லம், தேங்காய்ப் பல், இஞ்சி, மிளகு, ஏலம் எல்லாம் சேர்த்து, வாழையிலை விரித்த மண்சட்டியில் ஊற்றி, கீழே கொட்டாங்கச்சித் தணல், மூடிமேலும் தணல் என்று இரவெல்லாம் விட்டுவிட்டார். விடியற்காலையில் வளவு முழுதும் ஒரு மணம். இலை தீய்ந்த மணமும் வெல்லம் கருகிய மணமும் கலந்தது. கருத்த மேலோட்டைக் கத்தியால் அறுத்தபோது உள்ளே தேன்நிறத்தில் ஆவி பறந்தது. பின் மூன்று நாள் அக்கா உரலையும் அம்மியையும் தொடவில்லை. வேப்பமரக் கிளையில் கயிற்றால் ஊஞ்சல் கட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு பாட்டுப் பாடி ஆடினார்.

“நெறஞ்ச வீட்டுல ஒருத்தி மூணு நாளு வேலை செய்யாம ஊஞ்சல் ஆடுதா! கேக்க ஆளில்லையா?” என்று அத்தை முறையிட்டார்.

தந்தை சிரித்தபடி விளக்கினார். மண்மகள் அந்த மூன்று நாளும் மாதவிலக்கில் இருப்பதாக அந்நாட்டார் கருதுகிறார்கள், ஆதலால் நிலத்தை உழுவதில்லை, தோண்டுவதில்லை, பெண்களுக்கும் ஓய்வு, அது ஒரு விழா. “எவ்வளவு உயர்ந்த கருத்து!” என்று வியந்தார்.

அவர் வியந்துகொண்டிருந்த அந்த நேரத்தில் என் தாய் எங்கே இருந்தார் என்று கேளுங்கள். தொழுவத்தை ஒட்டிய சாய்ப்பில், தனிப் பாயும் தனித் தட்டுமாக, சாணத்து ஈக்களுக்கிடையே உட்கார்ந்திருந்தார். அதே காரணத்துக்காகத்தான். உயர்ந்த கருத்தை உணர்ந்தவர் பத்தடி தள்ளி இருந்த மனைவியை எட்டிப் பார்க்கவில்லை. பார்த்தவர் அக்கா. வாழையிலையில் பிட்டாவை ஏந்திக்கொண்டு நேரே சாய்ப்புக்குள் போய், அம்மாவின் பாயிலேயே, அம்மாவின் தோளோடு தோள் உரச உட்கார்ந்தார்.

“தொடாத பிள்ள, தொடாத! மதினி பாத்தா வையும்” என்று அம்மா பதறினார்.

அக்காவுக்கு மொழி விளங்கவில்லை. அல்லது விளங்காததுபோல் இருந்துவிட்டார். பிட்டாவைப் பிய்த்து அம்மாவின் கையில் வைத்தார். அம்மா தின்றார். தின்றுகொண்டே அழுதார். பிறகு இருவரும் எதற்கோ சிரித்தார்கள். அன்று முதல் அம்மாவுக்கு அந்த வளவில் ஒரு தோழி உண்டு.

கார்த்திகை பிறந்தது. பொங்கலுக்கென்று தொழுவத்தின் பின்னால் அம்மா நட்டிருந்த மஞ்சள் கொத்திலிருந்து அக்கா இலைகளைக் கேட்டு வாங்கினார். மாவை இலையில் தடவி, நடுவில் தேங்காய்ப் பூரணம் வைத்து மடித்து, ஆவியில் வேகவைத்தார். மூத்த பிள்ளைக்கு நலம் வேண்டிச் செய்யும் நாளாம் அது. அவருக்குப் பிள்ளையில்லை. அம்மாவின் மூத்த பிள்ளையாகிய என்னை மணையில் உட்காரவைத்து, விளக்கைச் சுற்றி, நெற்றியில் சந்தனம் இட்டு, புதுச் சட்டைத்துணி ஒன்றை மடியில் வைத்தார். நான் பிறந்தபோது, “மூத்தது பொட்டையாப் போச்சே” என்று அத்தை மூன்று நாள் எங்கள் வாசல் மிதிக்கவில்லையாம். என்னை மூத்த பிள்ளை என்று ஒருவர் கொண்டாடியது அதுவே முதல்முறை. மஞ்சள் இலையின் மணம் விரல்களை விட்டு அகல இரண்டு நாளாயிற்று. நானும் கையைச் சரியாகக் கழுவவில்லை.

அந்தக் காலத்தில்தான் அவருடைய வியாழக்கிழமை நோன்புகளும் வந்தன. திருமகள் வீட்டுக்கு வரும் கிழமைகள் அவை. இருள் பிரியுமுன் குளித்து, வீட்டை மெழுகி, ஊறிய அரிசியை அரைத்த வெண்குழம்பால் தரையெங்கும் கோலமிடுவார். சோழபுரத்து வயலிலிருந்து அம்மா வரவழைத்துக் கொடுத்த புதுநெல்லை ஒரு மரக்கால் நிறைய அளந்து, அதையே தெய்வமாக வைத்து வழிபடுவார். பூரணம் வைத்த வெண்ணிற உருண்டைகள், நம் கொழுக்கட்டையின் உடன்பிறப்புகள், ஆவி பறக்க இறங்கும். அவற்றின் பெயர் மண்டா.

முதல் வியாழனன்று நான் வாயூற உட்கார்ந்திருந்தேன். படையல் முடியும் நேரத்தில் அக்கா என் கன்னத்தைத் தடவி, “இன்னிக்கு இல்லை. நாளைக்கு வா” என்று எழுப்பி அனுப்பிவிட்டார். ஆனியில் தெரு முழுதும் பகிர்ந்த கை அது. எனக்கு அழுகை முட்டியது. மறுநாள் வேறு பலகாரம் செய்து தந்தபோது, ஏன் என்று கேட்டேன். தெரிந்த தமிழையெல்லாம் திரட்டி அவர் சொன்னார்:

“லட்சுமி அம்மா வீட்டுக்கு வருது. அம்மாக்கு வைச்ச சாப்பாடு வெளிய போனா, அம்மாவும் கூடவே வெளிய போகும். வீட்டு ஆளுதான் சாப்பிடும். எங்க அம்மா வந்தாலும் குடுக்க மாட்டேன்.”

அன்றிரவு உண்ணும்போது இதைத் தந்தையிடம் சொன்னேன். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. “ஆமாம், அவள் கணவர் சொன்னார். அந்தப் படையல் வாசற்படியைத் தாண்டக்கூடாது. அன்று அந்த வீட்டிலிருந்து எதையும் வெளியே கொடுக்கமாட்டார்கள். மிக அரிய வழக்கம்” என்றார். இந்தச் சொற்களை நினைவில் நிறுத்துங்கள். அவருக்குத் தெரிந்திருந்தது.

நம் பக்கத்து வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கோயிலில் வழங்கிய பொங்கலைத் தெருவுக்கே பகிராமல் தின்றால் அது தொண்டையில் இறங்காது என்று வளர்ந்தவர்கள் நாம். ஒரு வீட்டிலிருந்து பண்டத்தோடு பாத்திரம் வந்தால் அதை வெறுமையாகத் திருப்பக்கூடாது. ஒரு பிடி அரிசியோ சிறிது சர்க்கரையோ போட்டுத்தான் அனுப்பவேண்டும். வெறும் பாத்திரம் வீடு திரும்பினால் விளங்காது என்பார்கள். இரண்டு நல்ல வழக்கங்கள். இரண்டும் ஒரு வியாழனன்று ஒரே வாசற்படியில் முட்டிக்கொண்டன.

அத்தை திருவில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போய் வந்து, நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கலைப் பித்தளைத் தூக்கில் வைத்து என்னிடம் கொடுத்தனுப்பினார். அக்கா இரு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தூக்கைக் காட்டி, “நாளைக்கு” என்றார். மறுநாள் நிறைத்துத் தருவார் என்று எனக்கு விளங்கியது. அத்தைக்கு விளங்கவில்லை.

“ஒரு தூக்கைத் தர நாளைக்கு என்ன நாளைக்கு? உள்ள பலகார மணம் தெருவைத் தூக்குது. ஒண்ணை எடுத்துப் போட்டுத் தர வலிக்குதாக்கும்?” என்றபடி அவரே நடந்து போய்க் கடைசி வீட்டு வாசலில் நின்றார். “குடுட்டி என் பாத்திரத்தை!”

அக்கா உள்ளே ஓடினார். தூக்கைக் கழுவித் துடைத்து, தலை குனிந்து நீட்டினார். அத்தை மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். வெறுந்தூக்கு.

மறுநாள் காலை அக்கா ஒரு தட்டு நிறைய அரிசா பிட்டாவைக் கொண்டுவந்தார். நம் அதிரசந்தான், எள் பதித்தது. அத்தை அதை வாங்கி, அக்காவின் கண்முன்பே மாட்டுத் தொட்டியில் கொட்டினார். அத்தனை அழகாகச் சிவந்திருந்த பலகாரம், கழுநீரில்.

அதோடு நின்றிருந்தாலும் நான் இன்று மறந்திருப்பேன். அடுத்த வியாழன் விடியலில் அத்தை கதவைத் திறந்தபோது நடையெங்கும் வெண்மையான சிறு காலடிகள். கண்ணன் பிறந்தநாளில் நாமும் இடுகிறோமே, அவற்றைப் போன்றவை. முந்தைய வியாழன்களில் தம் வீட்டுக்குள் மட்டும் இட்டவர், தெய்வம் தெருவிலிருந்துதானே வரவேண்டும் என்று எண்ணி அன்று தெருவாசலிலேயே தொடங்கிவிட்டார். அந்த அடிகள் அத்தையின் வீட்டைக் கடந்து, எங்கள் வீட்டைக் கடந்து, கடைசி வீட்டுக்குள் நுழைந்தன.

அத்தையின் கூக்குரலில் வளவே கூடிவிட்டது.

“பாத்தியாலே தம்பி! என் வாசல்ல இருந்த சீதேவியைக் கையைப் புடிச்சு அவ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருக்கா. காலடி போற பக்கத்தைப் பாரு! என் வீட்டுக்குள்ள ஒரு அடி திரும்பியிருக்கா? அதான், போன வாரத்துல இருந்து செவலை மாட்டு மடி வத்திப் போச்சு. வெறும் தூக்கைத் தந்தப்பவே நெனைச்சேன்!”

செவலை சினையாக இருந்தது. ஈனும் நாள் நெருங்கினால் பால் வற்றும் என்பது அந்தத் தெருவில் நடை பழகும் குழந்தைக்கும் தெரியும். அம்மா அதைச் சொல்லவும் சொன்னார்: “மதினி, செவலை நெறமாசமா நிக்கி. பொறவு எப்படிக் கறக்கும்?”

“நீ வாயை மூடுட்டி! அவ தந்த பலகாரம் உன் வாயைக் கட்டிப்போட்டிருக்கு.”

இப்போது என் தந்தையைப் பாருங்கள். கூட்டத்தின் நடுவில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக நின்றிருந்தார். அக்கா கதவோரம் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கணவர் ஆலை வேலையாகக் கோவை போயிருந்தார். அந்த வளவில் அவருக்காக வழக்காடத்தக்க அறிவுடைய ஒரே மனிதர் என் தந்தைதான். அக்காவே நெருங்கி வந்து, உடைந்த தமிழில், “ஐயா, நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியும். ஐயா சொல்லுங்க” என்றார்.

தம் அக்காளிடம் ஒரு தொடர் சொன்னால் போதும். ‘அது அவர்கள் நாட்டு நோன்பு, அக்கா; யாரையும் இழிவு செய்யும் எண்ணமில்லை’ என்ற ஒரு தொடர். விருந்தோம்பலைப் பற்றி ஒரு மணிநேரம் தடையின்றிப் பேசக்கூடிய நா அது. அவர் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டார். “அக்கா ஒன்று நினைத்துவிட்டால்…” என்று அத்தையைப் பற்றித் தொடங்கி, முடிக்காமலே வீட்டுக்குள் போய்விட்டார்.

நான் தமிழை அவரிடமே கற்றேன். அதைக் கற்பித்தே வாழ்ந்தேன். சொல்லாமல் விழுங்கப்பட்ட அந்த ஒரு தொடரை என் வகுப்பறைகளில் ஆயிரம் முறை மனத்துக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன். அத்தையை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன், அவர் அறியாதவர். அறிந்தவரை என்ன செய்வது?

மார்கழி பிறக்குமுன் வீட்டை ஒழிக்கவேண்டும் என்றார் அத்தை. அக்காவின் கவலையெல்லாம் ஒன்றுதான். நோன்பில் இன்னும் ஒரு வியாழன் எஞ்சியிருந்தது. அது மார்கழியில் வந்தது. மரக்கால் நெல்லை வைத்துத் தொடங்கிய வழிபாட்டைத் தலைக்குமேல் கூரையில்லாமல் பாதியில் விடுவது, வந்த தெய்வத்தை வாசலில் நிறுத்துவதற்கு ஒப்பாம். “ஒரு வாரம், அம்மா. ஒரு வியாழன். பொறவு போறேன்” என்று அத்தையின் காலைத் தொட்டார். அத்தை காலை இழுத்துக்கொண்டார்.

அம்மா நடையாய் நடந்து வீடு தேடினார். எங்கும் ஒரே மறுமொழி: “மார்கழி பொறக்கப் போகுது, இப்பப் போயி யாராச்சும் குடி வைப்பாகளா? தை பொறக்கட்டும்.” மார்கழியில் எவரும் குடி மாறமாட்டார், குடி வைக்கவும் மாட்டார் என்பதை அத்தை நன்கறிவார். அறிந்துதான் அந்தக் கெடுவை விதித்தார். மார்கழி முதல் நாள் விடியலில், கோலத்தின் நடுவில் பூசணிப்பூவை வைத்த கையாலேயே, அக்காவின் பானைகளையும் சட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நடையில் வைத்தார். அந்த மண்சட்டி விளிம்பு உடைந்தது. அக்கா அழவில்லை. நெல் நிறைந்த மரக்காலை மட்டும் எவரும் தொடுமுன் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே வெல்லக் கடைக்குப் போனார். ஆண்கள் நின்றிருந்த கடையில் என் தாய் குரலுயர்த்திப் பேசியதை அன்றுதான் கேட்டேன்.

“பாய், உங்ககிட்ட வெல்லம் வாங்குற அந்தப் பிள்ளை தெருவுல நிக்கி. யாரும் வீடு தர மாட்டேங்காக.”

“ஏன், என்ன வந்துச்சு?”

“மார்கழியாம்.”

அவர் தராசைக் கீழே வைத்தார். “வில்லிபுத்தூர்ல எங்க மாடி சும்மாத்தான் கெடக்கு தங்கச்சி. எங்க வீட்டுக்கு மார்கழி தெரியாது. சாமானை வண்டியில ஏத்தச் சொல்லுங்க. நான் பஸ்ஸுல முன்னால போயி வீட்டுல சொல்லுதேன்.”

இவ்வளவுதான். இரண்டு நிமிடத்தில் ஒரு மனிதரால் செய்ய முடிந்தது. நான் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன்: நம்மவருக்கு ஏன் முடியவில்லை?

கடைசி வியாழனன்று அம்மா, “வில்லிபுத்தூர்க் கோயிலுக்குப் போயிட்டு வாரேன்” என்று சொல்லி என்னையும் அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினார். கோயிலில் கும்பிட்டுவிட்டு, தெருக்களைக் கேட்டுக் கேட்டு அந்த வீட்டை அடைந்தோம். கடைக்காரரின் மனைவி அம்மாவை உள்ளே அழைத்து உட்காரவைத்தார். மாடிப்படியின் ஒவ்வொரு படியிலும் வெண்குழம்பால் இரு சிறு காலடிகள், மேல்நோக்கி. தெருவாசலில் தொடங்கி, கூடத்தின் ஓரமாகவே ஏறிப் போயிருந்தன.

“காலையில இருந்து பிள்ளைகளை அதை மிதிக்காம தாண்டச் சொல்லி மேய்க்கதே எனக்கு வேலையாப் போச்சு” என்று அந்த அம்மையார் சிரித்தார். “இன்னிக்கு ஒண்ணும் தர முடியாது, நாளைக்குத் தாரேன்னு அந்தப் புள்ள கையைப் புடிச்சுக்கிட்டுச் சொல்லிச்சு. இதுக்கு எதுக்கும்மா அழுகைன்னேன். உன் நேர்ச்சை உன்னோட. நாளைக்குத் தந்தாலும் வெல்லம் இனிக்கத்தான செய்யும்?”

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மாடிக்கு ஏறவில்லை. “நான் போனா, என்ன குடுக்க, எப்படி இல்லைன்னு சொல்லன்னு அந்தப் பிள்ளை தவிச்சுப் போகும். நான் செத்த நேரம் இங்கயே இருக்கேன். நீ மட்டும் போயிப் பாத்துட்டு வா” என்றார்.

நான் காலடிகளை மிதிக்காமல், சுவரோரமாக ஏறினேன். சிறிய அறை. மூலையில் மரக்கால் நெல், அதன்மேல் செம்பூ, முன்னே விளக்கு. இலையில் மண்டா உருண்டைகள் வெண்மையாக அடுக்கியிருந்தன. படையல் முடிந்திருந்தது. அக்கா தனியாக இருந்தார். கணவர் இன்னும் திரும்பவில்லை. நானே, “நாளைக்கு வாரேன் அக்கா” என்று சொல்லித் திரும்பினேன். வழக்கம் எனக்குப் பழகிவிட்டிருந்தது.

அவர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். என்னைக் கடந்து போய்க் கதவைச் சாத்தித் தாழிட்டார். மணையைப் போட்டு என்னை உட்காரவைத்தார். படையலிலிருந்து ஓர் உருண்டையை எடுத்து என் வாயில் வைத்தார். மெல்லிய மாவுத்தோல் பிளந்து, வெல்லமும் தேங்காயும் மிளகின் சிறு காரமும் நா முழுதும் பரவின. பாகு மோவாயில் வழிந்து சட்டையில் சொட்டியது. இன்னொன்றை வைத்தார். பிறகு தானும் ஒன்றை எடுத்து, என் எதிரில் உட்கார்ந்து தின்றார். தின்று முடித்துக் கை கழுவியபின்பே தாழ் திறந்தது.

கீழே அம்மா என் சட்டையைப் பார்த்தார். துடைப்பதற்காக முந்தானையை எடுத்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, துடைக்காமலே விட்டுவிட்டார்.

வீடு திரும்பியபோது அத்தை எங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தந்தை நாற்காலியில் ஏதோ படித்துக்கொண்டிருந்தார். “கோயிலுக்குப் போயிட்டு, அந்தப் பிள்ளையையும் எட்டிப் பாத்துட்டு வந்தோம் மதினி” என்று அம்மா மறைக்காமல் சொன்னார். அத்தையின் முகம் சுருங்கியது. என் பக்கம் திரும்பினார்.

“ஏட்டி, இன்னிக்கும் வியாழன்தான? அங்க போயும் மூடி மூடித்தான் வைச்சிருந்தாளா? உனக்காச்சும் ஒரு வாய் குடுத்தாளா?”

“இல்லை அத்தை” என்றேன். “வெளியாளுக்கு அவிய குடுக்க மாட்டாக.”

“கேட்டியாலே தம்பி!” என்று அத்தை தொடையில் தட்டினார். “சின்னப்பிள்ளைக்குக்கூட ஒரு வாய் குடுக்காதவ! நான் சொன்னப்ப எல்லாரும் என்னை ஒரு மாதிரிப் பாத்தீகளே!”

தந்தை நிமிர்ந்தார். என் வாயைப் பார்த்தார். சட்டையின் முன்பக்கம் காய்ந்திருந்த பாகையும் அதில் ஒட்டியிருந்த தேங்காய்ப் பூவையும் பார்த்தார். அந்தப் படையலை யார் தின்னலாம், யார் தின்னலாகாது என்பது அந்தக் கூடத்திலிருந்த பெரியவர்களுள் அவருக்குத்தான் முற்றும் தெரியும். நான் கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்து நின்றேன்.

“கேட்டேன் அக்கா” என்றார்.